தள்ளுபடி ஷூவில் லாபம் உண்டா?

போவன்பள்ளி என்றதும் நம் அன்பர்களுக்கு நினைவு வருவது, விற்காத காய்கறியிலிருந்து மின்சாரமே எடுக்கும் அந்தப் பெரிய மார்க்கெட். அங்கே குடியிருக்கும் என் அக்கா மகனுக்கோ எந்நேரமும் ஷூ ஞாபகம்! ஞாயிறுதோறும் தள்ளுபடிக் கடைகளில் புகுந்து, அபூர்வ மாடல்களைத் தேடிப் பிடித்து விற்கிறான்.

"3,500-க்கு வாங்கினதை 5,000-க்கு வித்தேன், மாமா!"

கணக்குப் போட்டோம். விற்பனைத் தளத்தின் கமிஷன் 500, கூரியர் 200, பெட்ரோல் 150. மிச்சம் 650. இது சீக்கிரம் விற்ற ஜோடி. தள்ளுபடியில் அவனுக்கு அதிகம் அகப்படுவது 11, 12 நம்பர்கள். நம்மூர்க் கால்களுக்கு ஆகாத அவை ஆறு மாதமாகக் கட்டிலுக்கடியில்.

"வெச்சிருந்தா விலை ஏறும்" என்கிறான். 1985-இல் 65 டாலருக்கு விற்ற முதல் ஏர் ஜோர்டான் இன்று ஆயிரக்கணக்கான டாலர் பெறுகிறது, வாஸ்தவம்தான். ஆனால் பல ஷூக்களின் நடு அடிப்பாகம் பாலியூரித்தேன். காற்றின் ஈரம் பட்டுப்பட்டு அது தானே சிதையும், பெட்டியை விட்டு எடுக்காவிட்டாலும். 1988-இல் வந்த ஏர் ஜோர்டான் 3 பலவற்றின் கதி அதுவே.

அவனுக்கும் நேர்ந்தது. 4,000-க்கு வாங்கி வைத்திருந்த பழைய ஜோடி ஒன்றை, பக்கத்துத் தெருக் கல்லூரிப் பையன் சேர்த்துவைத்த பணத்தில் 6,000 கொடுத்து வாங்கினான். இரண்டாம் நாள் அடி ரஸ்க் போல உதிர்ந்தது. அக்கா கண்டிப்பானவள்; முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கவைத்தாள். ஆறு ஜோடியின் லாபம் ஒரே நாளில் போயிற்று.

இப்போது கடைக்குள் நுழைந்ததும், பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும்தான் முதலில் பார்க்கிறான். விலை அப்புறம். 12-ஆம் நம்பர் கால் உள்ள அன்பர்கள் யாரேனும் இருந்தால் எனக்குச் சொல்லவும். மூன்று ஜோடி இருக்கிறது.