வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?



1977, 1983 கலவரங்களின்போது தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன நம்மவர்கள் பலர் வவுனியாப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். அப்படி நெளுக்குளத்தில் இருக்கும் ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "மூத்தவளுக்கு பத்து வயசுங்க. நான் கூலி வேலைக்குப் போனா சின்னவனைப் பார்க்க ஆள் இல்ல. அவ வீட்டுல இருந்தே படிக்கட்டுமே, அது சட்டப்படி குத்தமா?" நம் லயங்களிலும் இதே கேள்வி உண்டு. ஆகவே எல்லோருக்குமாக விளக்குகிறோம்.

சட்டம்

நம் நாட்டுக் கல்விச் சட்டம் 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் கீழ் 1997இல் வந்த விதி, 5 முதல் 14 வயது வரை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைக் கட்டாயமாக்கியது. 2016இல் இந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது.

ஆனால் அந்த 1997 விதியிலேயே ஒரு சிறு வாசல் உண்டு. பிள்ளையின் கல்விக்குப் போதுமான, பொருத்தமான வேறு ஏற்பாட்டைப் பெற்றோர் செய்திருந்தால், பள்ளிக்கு அனுப்பாதது குற்றமாகாது. வீட்டுக் கல்விக்கென்று தனிச் சட்டம் இங்கே கிடையாது. இந்த வாசல் மட்டும்தான். (ஜேர்மனியில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே இதற்கு இடமே இல்லை.)

எது ஏற்பாடு, எது இல்லை?

பாடத்திட்டப்படி, நாள்தோறும், சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் இருந்து படிப்பித்தால் அது ஏற்பாடு. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள், சோறாக்கி வை என்று சொன்னால் அது ஏற்பாடு அல்ல. அது பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதுதான். கிராம சேவகர் பிரிவின் பாடசாலை வரவுக் குழு வந்து கேட்டால், என்ன படிக்கிறாள், யார் படிப்பிக்கிறார் என்று காட்ட வேண்டியது நீங்கள்தான்.

இழப்பதையும் எண்ணிப் பாருங்கள். இலவசப் பாடநூல், சீருடைத் துணி, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எல்லாம் பள்ளி வழியாகவே வருகின்றன.

ஏற்கனவே நின்றுவிட்ட பிள்ளைகள்

மனம் தளர வேண்டாம். வழிகள் உண்டு.

1. முதலில் அதிபரைப் பாருங்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கக் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவாளரைச் சந்தியுங்கள். பிறப்பு பதியப்படாதவர்களுக்கும் அங்கே வழி உண்டு.

2. பல ஆண்டு விடுபட்டிருந்தால் வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள்.

3. பள்ளி வயதைத் தாண்டியவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக சாதாரண தரப் பரீட்சை எழுதலாம். அதிபர் மூலமாக அல்ல, தாங்களே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அடையாள அட்டை தேவை. அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதும் இதில் அடங்கும்.

அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்ன பதில்

மூத்தவளை நிறுத்தாதீர்கள். சின்னவனுக்கு ஆள் தேடுங்கள். பக்கத்து வீட்டுத் தாய்மார் இரண்டு மூன்று பேர் சேர்ந்து முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று வயதானால் முன்பள்ளியில் விடலாம். தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பிள்ளை மடுவம் இருக்கிறது. அது சரியாக நடக்கவில்லை என்றால் தலைவரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் போய்ச் சொல்லுங்கள். மடுவம் நன்றாக நடந்தால்தான் அக்காமார் பள்ளிக்கூடம் போக முடியும்.

தம்பி வளர்ந்துவிடுவான். அக்கா விட்ட வகுப்பு தானாகத் திரும்பி வராது. இந்தத் தவணையிலேயே அவளை மறுபடி அனுப்புங்கள்.