நர்சு படிப்பா, ஸ்டெனோ வேலையா? பணம் கட்டுமுன் கவனியுங்கள்!

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் ரெயில்வே குடியிருப்பில் ஒரே கேள்விதான். "தம்பி, பாப்பா பன்னிரண்டு பாஸ் பண்ணிட்டா. எதுல சேர்க்கலாம்?" ரெயில்வே குமாஸ்தாவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நானோ எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன்!

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர். மூத்த மகளை நர்சு ஆக்க வேண்டும் என்று ஆசை. "ஒரே வருடத்தில் நர்சு வேலை" என்ற விளம்பரத்தை நம்பி, சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு நிலையத்தில் கட்டினார். கடை மாடியில் இரண்டு அறை, நாலு பெஞ்சு, ஒரு பொம்மை. வருட முடிவில் பளபளப்பான சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டுப் போனபோது, "கவுன்சில் பதிவு எண் என்ன?" என்று கேட்டார்கள். பதிவு எண்ணா? அப்படி ஒன்று உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். இன்று ஆயா சம்பளத்தில் இருக்கிறாள். "ஊசி போடப் படிச்சேன் மாமா. ஊசியைத் தொடவே விடமாட்டேங்கிறாங்க" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதிவுதான் முக்கியம்

இந்திய நர்சிங் கவுன்சில் 1947-ஆம் வருடச் சட்டப்படி ஏற்பட்டது. அதன் பாடத்திட்டப்படி படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தவரே நர்சு. ஆகவே பணம் கட்டுமுன், மராட்டிய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். புரோக்கர் வாய்ச்சொல் போதாது.

படிப்பு மூன்று வகை. ஏ.என்.எம். இரண்டு வருடம். ஜி.என்.எம். மூன்று வருடம். இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 40 சதவீத மார்க்கு வேண்டும். சயன்ஸ் படித்தவருக்கு முதலிடம் என்றாலும், ஆர்ட்ஸ் படித்தவரும் மனுச் செய்யலாம். பி.எஸ்சி. நர்சிங் நாலு வருடம். இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம், நுழைவுத் தேர்வும் உண்டு. எதில் சேர்ந்தாலும் நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் நின்று பழக வேண்டும். ஒரு வருடத்தில் முடிகிறது, வார்டு கிடையாது என்றால் அது நர்சு படிப்பு அல்ல.

டைப்பும் சுருக்கெழுத்தும்

எனக்குச் சோறு போட்டது டைப்ரைட்டிங். அந்தக் காலம் போய்விட்டது என்கிறார்கள். மெஷின்தான் போயிற்று, வேலை போகவில்லை. மராட்டிய அரசின் குமாஸ்தா-டைப்பிஸ்டு வேலைக்கு நிமிடத்துக்கு மராத்தியில் 30 சொல் அல்லது ஆங்கிலத்தில் 40 சொல் வேகம் கேட்கிறார்கள். தேர்வு கம்ப்யூட்டரில்தான்.

மத்திய அரசு ஸ்டெனோ தேர்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும். 'டி' கிரேடுக்கு 80 சொல், 'சி' கிரேடுக்கு 100 சொல். பத்து நிமிடம் வாசிப்பதைச் சுருக்கெழுத்தில் எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஒரு வருட ஸ்டெனோ படிப்பு இருக்கிறது. பத்தாவது பாஸ் செய்தவரும் சேரலாம். ஆனால் 80 சொல் வேகம் மூன்று மாதத்தில் வராது. தினம் இரண்டு மணி நேரம் கை வலிக்க எழுத வேண்டும். எங்கள் ஆபீசில் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம், நான் உட்பட.

வக்கீல் ஆபீஸ் படிப்பு

'பாராலீகல்' என்று புதிதாக ஒன்று காதில் விழுகிறது. இந்திராகாந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமோ இருக்கிறது. இதைப் படித்தால் வக்கீல் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோர்ட்டில் வாதாட, 1961-ஆம் வருட வக்கீல்கள் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வக்கீல் ஆபீசில் மனுத் தயாரிக்க, கட்டு ஒழுங்கு செய்ய இந்தப் படிப்பு உதவும். சட்டப்பணி ஆணையத்தின் தொண்டர் திட்டம் 2009-ல் வந்தது. பத்தாவது படித்தவர் சேரலாம். மாதச் சம்பளம் கிடையாது, பணி செய்த நாளுக்கு மதிப்பூதியம் மட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. போன் எண் 15100. படிப்பு நிலையத்தில் ஏமாந்தவர்களும் கேட்டுப் பார்க்கலாம்.

சான்றிதழ் சிக்கல்

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மாநில அரசின் இடங்களுக்கு இருப்பிடச் சான்று கேட்பார்கள். அதற்கு 15 வருடம் இங்கே குடியிருந்த அத்தாட்சி வேண்டும். நெல்லைத் தாலுகா ஆபீசில் வாங்கிய ஆதிதிராவிடர் சாதிச் சான்றை வைத்து இங்கே மாநில ஒதுக்கீட்டில் இடம் பெற முடியாது. 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மத்திய அரசு வேலைக்கு அதே சான்று செல்லும். கடைசி நாளில் ஊருக்குத் தந்தி அடிக்கிற மாதிரி ஓடாமல், இப்போதே காகிதங்களைத் திரட்டுங்கள்.

அண்ணாச்சியின் இளைய மகள் இந்த வருடம் ஜி.என்.எம்.முக்கு மனுப் போடுகிறாள். கவுன்சில் பட்டியலை அக்காதான் பார்த்துக் கொடுத்தாள். பழைய ரேஷன் கார்டைத் தேடிப் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். கார்டு கிடைத்துவிட்டது. பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது. அதைத் திருத்த நாளை ரேஷன் ஆபீசுக்குப் போகிறோம்.