அக்கிக்கு மாத்திரை போடுறீங்களா? கிட்னி நோயாளிகளே உஷார்!

தர்மபுரி:

இடுப்பு, விலா ஓரமாக தீப்பட்ட மாதிரி எரிச்சல். ரெண்டு மூணு நாளில் கொத்து கொத்தாக கொப்புளம். இதுதான் அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மை கிருமி நரம்புக்குள் பதுங்கி இருந்து, வயதான பிறகோ உடம்பில் எதிர்ப்பு சக்தி குறையும்போதோ மறுபடி தலைதூக்குவதால் வருகிறது.

முன்பெல்லாம் அக்கி வந்தால் மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்குப் போய் காவி கரைத்து 'அக்கி எழுதி' வருவார்கள். இப்போது டாக்டர்கள் 'அசைக்ளோவிர்' மாத்திரை தருகிறார்கள். நல்ல மருந்துதான். கொப்புளம் வந்த 3 நாளுக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் உண்டு. ஆனால் கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு இதிலே ஒரு ஆபத்து இருக்கிறது.

என்ன ஆபத்து?

இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். கிட்னி நன்றாக உள்ளவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், தினமும் 5 வேளை. கிட்னி ரொம்ப பழுதானவர்களுக்கு 3 வேளை, டயாலிசிஸ் நிலையில் உள்ளவர்களுக்கு 2 வேளை என்று டாக்டர்கள் குறைத்து விடுவார்கள்.

குறைக்காமல் சாப்பிட்டால் மருந்து ரத்தத்தில் தேங்கும். கிட்னியின் மெல்லிய குழாய்களில் உப்புக்கல் மாதிரி படிந்து அடைத்துக் கொள்ளும். சிறுநீர் குறையும், 'கிரியேட்டினின்' ஏறும். மூளையையும் பாதிக்கும். கை நடுக்கம், உளறல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். காத்து கருப்பு அடிச்சிருச்சு என்று மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனால் மருந்தை நிறுத்தி, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். பெரும்பாலானோர் தேறி விடுகிறார்கள்.

அக்கி வலி தாங்காமல் 'டைக்ளோபினாக்' போன்ற வலி மாத்திரையை சேர்த்துப் போடுவது கிட்னிக்கு இன்னொரு அடி.

என்ன செய்யணும்?

* பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டை காட்டி மாத்திரை வாங்காதீங்க.

* கிட்னி கோளாறு இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்க. டயாலிசிஸ் சீட்டையும் காட்டுங்க.

* கிட்னி நன்றாக உள்ளவர்கள் தண்ணீர் நிறைய குடிக்கலாம். டயாலிசிஸ் செய்பவர்கள் டாக்டர் சொன்ன அளவுதான் குடிக்கணும்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ள பலருக்கு கிட்னி கெட்டதே தெரியாது. 2021 ஆகஸ்டு 5-ந்தேதி பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த நோய்களுக்கு வீடு தேடி மாத்திரை தருகிறார்கள். அப்படி மாத்திரை வாங்குகிறவர்கள், கிரியேட்டினின் எவ்வளவு என்று ஒரு தடவை பரிசோதித்து தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.