நாற்பதாண்டு நகரசபை ஊழியம்

நெசவுக் குலத்திற் பிறந்து சென்னை நகரசபைத் தலைவராக உயர்ந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியாரை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். 1882இல் அச்சபையிற் சேர்ந்து, சுமார் நாற்பதாண்டுகள் ஊழியம் புரிந்தார். அரசாங்க உத்தியோகஸ்தரல்லாத முதல் தலைவரும் அவரே. சுமார் நூறு கைத்தறிகள் கொண்ட நெசவாலை நடத்தி, கயிற்றை இழுத்தால் ஓடும் நாடாவைப் புகுத்தினார்.

1920இல் முதன்மந்திரிப் பதவி தேடிவந்தபோது அதனை ஏற்க மறுத்தார். அதே ஆண்டில், வறுமையால் பிள்ளைகளின் வருகை குன்றுவதைக் கண்டு, ஆயிரம் விளக்கு நகரசபைப் பள்ளியில் பகலுணவு அளிக்க அவர் தலைமையில் நகரசபை தீர்மானித்தது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்குச் செலவு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது ஏற்பாடு. பின்னர் வேறு நான்கு பள்ளிகளிலும் உணவு வழங்கினர். ஆயினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசாங்கம் இசையாமையால் 1925இல் அது நின்றுபோயிற்று. அவர் மறைந்ததும் அவ்வாண்டே.

நற்காரியத்தைத் தொடங்க இரக்கம் போதும். அது நிலைக்க விதியில் இடமும், ஒதுக்கிய நிதியும் வேண்டும். நெசவாளராயினும் விவசாயியாயினும், தம் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு தீர்மானத்தின்போதும் இவ்விரண்டையும் கேட்டறிவார்களாக என்று வேண்டுகிறோம்.