அப்பா, ஹெச்.ஆர்.கிட்ட நானே பேசிக்கிறேன்

இன்னைக்கு எபிசோடை ஒரு சொந்தக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் முடிச்ச புதுசு. சென்னையில ஒரு கம்பெனியில ரெண்டு ரவுண்டு இன்டர்வியூ முடிஞ்சு, ஒரு வாரமா பதில் இல்ல. மூணாவது ரவுண்டுக்குப் போனப்ப ஹெச்.ஆர். கேட்ட முதல் கேள்வி: "நேத்து உங்க அப்பா பேசினாரு. இந்த வேலை உங்களுக்கு வேணுமா, அவருக்கு வேணுமா?"

சம்பளம், ஷிஃப்ட், கேப் வசதின்னு எல்லாத்தையும் அப்பா போன் பண்ணிக் கேட்டிருக்கார். எனக்குத் தெரியவே தெரியாது. அந்த வேலை கிடைக்கல. ரெண்டு நாள் நான் அப்பாகிட்ட பேசல.

இப்ப யோசிச்சா அவர் பக்கமும் புரியுது. இன்ஜினியரிங் கவுன்சிலிங் அப்ப அண்ணா பல்கலைக்கழகத்துல நேர்லதான் நடக்கும். 2018-லதான் ஆன்லைனுக்கு மாறுச்சு. எந்தக் காலேஜ், எந்த பிராஞ்ச்னு அங்க முடிவு பண்ணினது அப்பா. நான் பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டினேன். நாலு வருஷம் கழிச்சு அவர் மட்டும் ஏன் ஒதுங்கி நிக்கணும்? அவர் வேலை தேடின காலத்துல எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் பதிவும், தெரிஞ்சவங்க சிபாரிசும்தான் வழி. பிள்ளைக்காக நாலு பேர்கிட்ட போய்க் கேட்கிறதுதான் அக்கறைன்னு அவர் நினைச்சார்.

இப்படி இருக்கிறவங்களை 'ஹெலிகாப்டர் பெற்றோர்'னு சொல்றாங்க. ஹைம் ஜினாட் 1969-ல எழுதின புத்தகத்துலயே, அம்மா தன் தலைக்கு மேல ஹெலிகாப்டர் மாதிரி சுத்துறாங்கன்னு ஒரு பையன் புலம்புறான்.

சரி, இதுல நமக்கு என்ன நஷ்டம்? 'என்னால முடியும்'ங்கிற நம்பிக்கை எங்கிருந்து வருதுன்னு உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-ல விளக்கினார். அடுத்தவங்க ஜெயிக்கிறதைப் பார்க்கிறது, யாராவது தட்டிக்கொடுக்கிறது எல்லாமே உதவும். ஆனா ரொம்ப பலமானது, நாமே ஒரு விஷயத்தைச் செஞ்சு முடிச்ச அனுபவம்தான். பதில் வராத மெயிலுக்கு மறுபடி எழுதுறது, சம்பளம் கூட்டித் தர முடியுமான்னு தயங்கித் தயங்கிக் கேட்கிறது, ரிஜெக்ட் ஆன மறுநாளே அடுத்த இடத்துக்கு அப்ளை பண்றது எல்லாம் அந்தக் கணக்குல வரும். இதையெல்லாம் வேற ஒருத்தர் செஞ்சு கொடுத்தா, வேலை கிடைக்கலாம், நம்பிக்கை வராது.

பாதித் தப்பு என்னோடதுதான். என் நௌக்ரி புரொஃபைலை உருவாக்கினதே அப்பா. அதுல இருந்தது அவர் நம்பர். எனக்கும் அது வசதியா இருந்துச்சு.

அதனால சண்டை போடாம வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். அப்ளை பண்றது, போன் பேசுறது, சரி சொல்றது, வேண்டாம் சொல்றது என் பொறுப்பு. இன்டர்வியூவுக்கு முன்னாடி என்னைக் கேள்வி கேட்டுப் பழக்குறதும், ஆஃபர் லெட்டர்ல பாண்ட், நோட்டீஸ் பீரியட் இருக்கான்னு பார்க்கிறதும் அப்பா பொறுப்பு. டெபாசிட் கட்டினா வேலைன்னு ஒரு கும்பல் கூப்பிட்டப்ப, அவரோட சந்தேகம்தான் என்னைக் காப்பாத்துச்சு.

இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். நாம வாயே திறக்கலன்னா அவங்க பதறுவாங்க. "வியாழக்கிழமை இன்டர்வியூ. முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன்பா"ன்னு முன்னாடியே சொல்லிட்டா பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்த இன்டர்வியூவுக்கு அப்பாதான் வண்டியில கொண்டுவந்து விட்டார். எதிர் டீக்கடையிலயே நின்னுட்டார். நான் மட்டும் உள்ள போனேன்.

உங்க வேலைத் தேடல்ல வீட்ல யாரோ உங்களுக்காகச் செய்ற ஒரு விஷயம் என்ன? இந்த வாரம் அதை மட்டும் உங்க கைக்கு எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.