பச்சை குத்துமுன்
2024 டிசம்பரில், வாடிக்கையாளரின் நாக்கைப் பிளவுபடுத்தியதற்காகத் திருச்சியில் பச்சை குத்தும் நிலையம் ஒன்று முத்திரையிடப்பட்டது. ஆனால் சாதாரணமாகப் பச்சை குத்துவதிலும் கவனம் தேவை. ஹெபடைடிஸ் பி வைரஸ், உலர்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள்கள் உயிர்ப்புடன் இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத துளியே தொற்றுக்குப் போதும்.

எனவே அம்பத்தூரிலோ ஆவடியிலோ, எங்குக் குத்திக்கொண்டாலும் இவற்றைக் கவனியுங்கள். ஊசியின் உறை உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். மை தனிக் கிண்ணத்தில் ஊற்றப்பட்டு, எஞ்சியது கொட்டப்பட வேண்டும். முன்னவருக்குத் தொட்ட மையில் புதிய ஊசியைத் தோய்த்தால் பயனில்லை. மீண்டும் பயன்படும் உலோகப் பிடியை ஸ்பிரிட்டால் துடைத்தல் போதாது, ஆட்டோகிளேவ் அவசியம்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் 3 தவணைகளையும் முன்னரே முடித்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்குத் தடுப்பூசி இல்லை. நீரிழிவு உள்ளோர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். குத்திய இடத்தில் சிவப்பு பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதியாமல் வாருங்கள்.