எங்கே குடியிருப்பது என்பதும் அரசியல்தான்

சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள கிராமங்களில் படித்து முடித்த நம் பிள்ளைகள் முன் ஒரு கேள்வி நிற்கிறது. ஊரிலேயே வீடு கட்டுவதா, நெய்வேலி, சிதம்பரம், சென்னை என்று போய்விடுவதா? வேலை, பிள்ளைகளின் படிப்பு, ஆஸ்பத்திரி, வாடகை எல்லாம் கணக்குப் பார்க்கிறோம். 'இதில் அரசியலை ஏன் இழுக்கிறாய்?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நாம் இழுக்கவில்லை. அது நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்பது நம் பாட்டன், பூட்டன் விரும்பித் தேர்ந்த இடமல்ல. நிலமற்றிருந்த அவர்களின் நிலையைச் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையாக எழுதிய பிறகு, 1892-ல் ஆங்கிலேய அரசு பஞ்சமி நிலம் ஒதுக்கியது. அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. மனை இல்லாதவர்களுக்கு நிலம் எடுத்துக் கொடுக்க 1978-ல் தமிழக அரசு தனிச் சட்டம் போட்டது. பட்டா கிடைத்தது, நல்லதுதான். ஆனால் பல ஊர்களில் புது மனையும் பழைய காலனியை ஒட்டியே அமைந்தது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கலாம். ஆனால் பெயரோடு இடமும் மாறிவிடாது.

தனித்தனியாக வாழ்வதன் ஆபத்து தேர்தல் நாளில் தெரியும். 2019 ஏப்ரல் 18 அன்று நம் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் பொன்பரப்பியில், வாக்குப்பதிவு நாள் தகராறு தலித் குடியிருப்பின் மீதான தாக்குதலாக மாறியது. வீடுகள் உடைக்கப்பட்டன. யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று தாக்க வந்தவர்களுக்குத் தெரியத் தேவையில்லை. தெரு எது என்று தெரிந்தால் போதும்.

பதவி கிடைத்தாலும் கதை முடிவதில்லை. 2020-ல் நம் மாவட்டத்தின் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சமூகப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட படம் வெளியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. நாற்காலி சட்டம் கொடுத்தது. அதில் உட்காரவே போராட வேண்டியிருந்தது.

அப்படியானால் கிளம்பிவிடலாமா? கிராமத்தை உயர்த்திப் பேசியவர்களை அரசியல் நிர்ணய சபையிலேயே மறுத்தவர் அம்பேத்கர். 1942-ல் நாக்பூரில் கூடிய பட்டியல் சாதியினர் மாநாடு தனிக் குடியேற்றங்கள் வேண்டும் என்றது. வெளியேறுவது கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நகரமும் கேள்வி கேட்காமல் கதவைத் திறப்பதில்லை. 'நீங்க என்ன ஆளுங்க?' என்பது வாடகை வீட்டு வாசலிலும் கேட்கிறது. சென்னையின் நடுவில் குடிசையில் இருந்தவர்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஓரத்துக்கு அனுப்பியதும் அரசாங்கத்தின் முடிவுதான்.

சேர்ந்து வாழ வைக்கும் முயற்சியும் நடந்தது. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. தெருவைச் சாதி பிரிப்பது இயற்கை அல்ல, அரசு நினைத்தால் மாற்றலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் பழைய ஊர்கள் அப்படியே இருக்கின்றன.

எனவே வீடு தேடும்போது அரசியலை எவ்வளவு பார்ப்பது? கட்சிக் கொடியைப் பார்த்து இடம் தேட வேண்டாம், கொடி மாறும். பார்க்க வேண்டியவை வேறு. மனைப் பட்டா யார் பெயரில் இருக்கிறது? சுடுகாட்டுக்குப் பாதை உண்டா? கிராம சபையில் நம் ஆட்கள் எழுந்து பேச முடிகிறதா? புகார் கொடுத்தால் காவல் நிலையம் வழக்குப் பதிகிறதா? இவற்றுக்குப் பதில் மோசமாக இருந்தால், சம்பளம் கூடுதலாகக் கிடைத்தாலும் அந்த இடத்தில் நிம்மதி இருக்காது.

போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் ஒரே இடத்தில்தான் பெயர் இருக்கலாம். பெயரை மாற்றிவிட்டால் ஊரின் கிராம சபையில் உங்களுக்கு இடமில்லை. 2011 கணக்குப்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். இந்த எண்ணிக்கைதான் ஒதுக்கீட்டுக்கு அடிப்படை. படித்தவர்கள் எல்லோரும் போய்விட்டால், மிச்சம் இருக்கும் தெருவில் மனு எழுதவும் ஆள் இருக்காது. போனவர்கள் பொங்கலுக்கு மட்டும் வராமல், கிராம சபை நடக்கும் மே 1-க்கும் வந்து, தெருவுக்கான மனுவையாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இந்தியாவில் எங்கும் குடியிருக்க அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு உரிமை தருகிறது. பட்டியல் சாதியினரை வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறும்படி செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாமாகப் போவது வேறு, விரட்டப்படுவது வேறு. போகிற பிள்ளைக்கும் இருக்கிற பிள்ளைக்கும் இந்த இரண்டு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.